மடை அடைத்த கோடை

டோபின் ஓடை
மே 11, 2021

அன்புள்ள தம்பி லாயிடுக்கு,

நீயும் உன் மீன்பிடிக் கப்பலும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வடக்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்குமே? இங்கே நானும் நாயும் நல்லபடி இருக்கிறோம். என் பெண் டாரா யுரேகாவில் அவள் வேலையோடு இருக்கிறாள். போன வருஷத் தீயில் எரிந்துபோன போன் கம்பியை இன்னும் யாரும் வந்து மாட்டவில்லை. செல்போனுக்கு மலை ஏற வேண்டும். ஏறிப் பேசினாலும் நாம் இரண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதத்தில் அவ்வளவாகக் கத்த முடியாது என்பதால் இதுவே மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் மலையில் பனி பேருக்குத்தான் விழுந்தது. ஜூலையில் இருக்கிற மாதிரி ஓடை இப்போதே கணுக்காலுக்கு வந்துவிட்டது. போன வாரம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பள்ளிக்கூடப் பஸ்ஸைப் பாலத்தருகே நிறுத்தி இறங்கிப் போனேன். ஜோலீன் அங்கே இருந்தாள். பெரியம்மாவின் பேத்திதான், நம் பழங்குடியின் மீன்வளக் குழுவில் வேலை பார்க்கிறாள். கடலுக்குப் போகிற குஞ்சு மீன்களை எண்ணுவதற்காகக் கிளாமத் ஆற்றில் போட்டிருக்கும் கூண்டைத் தூக்கிக் காட்டினாள். விரல் நீளச் சால்மன் குஞ்சுகள், வயிறு உப்பி, செவுள் வெளுத்து, கூண்டு நிறையச் செத்துக் கிடந்தன. நாற்றம் தாங்கவில்லை.

"எல்லாமே செத்ததாடி?" என்றேன்.

"நீந்திட்டிருக்கிறதும் நாளைக்குள்ள செத்துரும் சித்தி. ஆத்துல தண்ணி கம்மி, சூடு ஜாஸ்தி. ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம். குஞ்சோட குடலையே தின்னுடுது."

"தப்பிக்க வழியே இல்லையா?"

"குளிர்ந்த தண்ணி கெடைச்சா பொழைக்கும். மலையிலேர்ந்து வர்ற ஓடை வாயைத் தேடித்தான் அலையுது. உங்க ஓடைத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். ஆனா அது ஆத்தைத் தொடவே மாட்டேங்குதே. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கு."

ஓடை ஏன் ஆற்றைத் தொடவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதிக்கு மேல் நம் மடை வழியாகப் புல்வயலுக்குப் போகிறது. இந்த ஒரு கோடைக்கு மடையை அடைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம் நம் இருவருக்கும் பொது. பக்கத்துப் பண்ணை ஹார்லன்தான் இத்தனை வருஷமாக அறுத்து, பாதிப் புல்லை நமக்குத் தருகிறார் என்றாலும் கேட்க வேண்டியது உன்னைத்தான். சீக்கிரம் பதில் போடு. வயிற்றைக் காயப்போடாமல் சாப்பிடு.

உன் அக்கா
வெர்னா


கடலிலிருந்து
மே 30

அக்கா,

நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ நல்லாயிருக்கியா? நாய்க்கு இன்னும் அந்தச் சொறி இருக்கா? எழுத்து கோணலா இருக்குன்னு நினைக்காதே. கப்பல் ஆடற ஆட்டத்துல பேனா எங்கேயோ போகுது, நான் எங்கேயோ போறேன்.

இங்க மீன் பரவாயில்லை. சமையல்காரன்தான் எங்களைக் கொல்லப் பாக்கறான்.

மடை விஷயம். வேண்டாம். ஒரு கோடைன்னு நீ சுலபமாச் சொல்ற. ஒரு கோடை தண்ணி இல்லேன்னா அந்தப் புல்லு வேரோட போயிரும். திரும்ப விதைச்சு எழுப்பறதுக்குள்ள நமக்குக் கிழடு தட்டிரும். ஹார்லனைப் பகைச்சுக்கவும் கூடாது, நாளைக்கே நமக்கு அவர் டிராக்டர் வேணும். நான் வந்து நேர்ல பேசறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே.

மீன் பொழைச்சுக்கும். அதுங்க பாக்காத வறட்சியா?

தம்பி
லாயிட்


டோபின் ஓடை
ஜூன் 16

அன்புள்ள லாயிடுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ திடமாக இருப்பதாக எழுதியதில் சந்தோஷம். நாய்க்குச் சொறி போய்விட்டது, திமிர் மட்டும் இருக்கிறது.

நீ சொன்னபடி மடையைத் தொடவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே நானும் ஜோலீனும் மண்வெட்டியோடு ஓடை வாய்க்குப் போனோம். கூழாங்கல் மேட்டை வெட்டி, ஒரு முழ அகலத்துக்கு வழி இழுத்து, ஓடையை ஆற்றோடு சேர்த்தோம். சேர்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் குளிக்க வைத்த தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பு, இன்னொரு பக்கம் எலும்பு வரை குளிர். நாங்கள் கரையில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் குஞ்சுகள் வர ஆரம்பித்துவிட்டன. முதலில் நிழல் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மூக்கை ஓடைப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று உராய்கிற மாதிரி நிற்கின்றன. ஜோலீன் சாப்பிடவே இல்லை.

ஆனால் அந்த வழி மூன்றாம் நாளே வற்றிவிட்டது. மறுபடி வெட்டினோம். மறுபடி வற்றியது. வெட்டுவதற்குக் கை இருக்கிறது, ஓடுவதற்குத் தண்ணீர் இல்லை.

லாயிட், அம்மாவின் துக்கச் சாப்பாட்டை நீயும்தானே சாப்பிட்டாய். எழுபது வருஷம் இந்த ஆற்றங்கரையில் இருந்தவளுக்குக் கடையில் வாங்கிய வளர்ப்புச் சால்மனை வைத்தோம். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். எனக்கு அதுதான் அடிக்கடி கண்ணில் நிற்கிறது.

இன்னொரு தடவை கேட்கிறேன். யோசித்துச் சொல். உறையில் ஆங்கரேஜ் முத்திரை இருந்ததே, கப்பல் அந்தப் பக்கம் வருமா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
வெர்னா


டோபின் ஓடை
ஜூலை 9

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நல்லபடி இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் கடைசியில் வந்த வெயிலைப் பற்றி அங்கேயும் கேள்விப்பட்டிருப்பாய். பிளாக்பெர்ரி செடியிலேயே வெந்துபோயிற்று. மடைக்குக் கீழே ஓடை துண்டு துண்டாகிவிட்டது. மடுக்களில் மட்டும் தண்ணீர், நடுவே வெறும் கல். அந்த மடுக்களில் கோஹோ சால்மன் குஞ்சுகள் மாட்டிக்கொண்டன. மற்றச் சால்மன் மாதிரி பிறந்த வருஷமே கடலுக்குப் போகிற ஜாதி இல்லை அது. ஒரு வருஷம் முழுக்க ஓடையிலேயே இருந்துதான் கிளம்பும். ஓடை போனால் அதற்குப் போக்கிடமே கிடையாது.

கைவலையும் வாளியுமாக இறங்கிவிட்டோம். வற்றுகிற மடுவிலிருந்து அள்ளி, மேலே ஊற்றுக்கண் இருக்கிற ஆழமான மடுவில் விடுகிறோம். வழியெல்லாம் வழுக்குப் பாறை. வாளித் தண்ணீர் சூடாகிவிடக் கூடாது என்று ஜோலீன் ஓட்டமாக ஓடச் சொல்கிறாள். என் வயதில் ஓட்டமாவது.

நேற்றுக் காலை ஒரு மடுவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் தாமதித்துவிட்டோம். ஈரச் சேற்றில் எல்லாம் பக்கவாட்டில் கிடந்தன. சில வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அங்கிருந்து நேராக ஏறி மடைக்குப் போனேன். பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி, இடுக்கில் கோணிப்பை திணித்து, அடைத்துவிட்டேன்.

மத்தியானம் ஹார்லன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"யாரு அடைச்சது?"

"நான்தான்."

"லாயிட் சொன்னானா?"

"இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடைச்சாச்சு."

"வெர்னா, சுண்டுவிரல் தண்டி மீனுக்காக என் மாட்டைப் பட்டினி போடறியா நீ?"

"உங்க மாட்டுக்குத் தீவனம் லாரியில வரும் ஹார்லன். இதுக்கு எந்த லாரியில என்ன வரும்?"

"நீதான் பஸ் ஓட்டறியே, ஏத்திக்கிட்டுப் போயிக் கடல்ல விட்டுட்டு வா. சீட்டு பெல்ட் போட மறந்துடாதே."

ஜோலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் மடைப் பலகை மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஓடை வாயில் தண்ணீர் ஆற்றைத் தொட்டுவிட்டது.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெர்னா


ஜூலை 24

வெர்னா,

அந்த நிலத்துல பாதி என்னுது. அம்மா சாகும்போது ரெண்டு பேர் பேரையும்தான் சொன்னா. உன் பேரை மட்டும் சொல்லலை.

தொடாதேன்னு எழுதினேன். தெளிவாத்தானே எழுதினேன்? நாலு குஞ்சைக் காட்டி ஜோலீன் அழுதா உடனே என் சோத்துல மண்ணை அள்ளிப் போடுவியா? உனக்குப் பஸ் இருக்கு, மாசம் பொறந்தா சம்பளம் இருக்கு. எனக்கு என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் நெனைச்சியா?

மடையைத் திற.

லாயிட்


டோபின் ஓடை
ஆகஸ்ட் 6

என் தம்பிக்கு,

கோபத்தோடாவது எழுதினாயே, அதுவே போதும். நீ என் உடம்பை விசாரிக்காமல் எழுதிய முதல் கடிதம் அது. பரவாயில்லை, நான் விசாரிக்கிறேன். உன் கை எப்படி இருக்கிறது?

"என் சோத்துல" என்ற வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கடலில் சம்பாதிக்கிறவனுக்கு இந்தப் புல் எப்படிச் சோறாகும்? ஊர்க் கடையில் போன் வேலை செய்கிறது. அங்கே போய் உன் கப்பல் தலைவரைக் கூப்பிட்டேன். லாயிடின் அக்கா பேசுகிறேன், அவன் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறான் என்றேன். அந்த மனுஷன் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, அவன் மார்ச்லயே எறங்கிட்டானே. உங்களுக்குத் தெரியாதா? வலை சுருட்டற உருளையில கை மாட்டினதே?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உனக்காக வெட்கப்பட்டேனா, எனக்காகவா? கடைக்காரி ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

கப்பல் ஆடியதால் எழுத்து கோணவில்லை. நீ இடது கையால் எழுதுகிறாய். அது புரிய எனக்கு இரண்டு கடிதம் ஆயிற்று. இனிமேல் உண்மையை எழுது, எவ்வளவு கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது விஷயம். மடையைத் திறக்க மாட்டேன். உன் கையைப் பற்றித் தெரிந்த பிறகு அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புரண்டேன், காலையில் போய்ப் பலகை மேல் கையும் வைத்தேன். வைத்துவிட்டு ஓடைப் பக்கம் பார்த்தேன். மடு முழுக்கக் குஞ்சுகள் தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தன. என்னால் முடியவில்லை லாயிட். வயல் மஞ்சளாகிவிட்டது, அதையும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ என்னைத் திட்டு. ஆனால் பதில் போடாமல் இருக்காதே.

டாரா உன்னைக் கேட்டாள். அவள் எனக்காகச் சும்மா கவலைப்பட்டுக்கொண்டு மாத்திரை அனுப்புகிறாள்.

அக்கா
வெர்னா


ஆங்கரேஜ்
செப்டம்பர் 12

அக்கா,

ஒரு மாசமா நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். மாத்திரை எதுக்குன்னு நீ எழுதலை. நான் நல்லாயிருக்கேன்னு இனிமே எழுதினா நீ நம்பப் போறதில்லை. அதனால உள்ளபடி சொல்றேன்.

வலது கையில கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கு. நடுவுல உள்ளது போச்சு. வலி போயிருச்சு, இல்லாத விரல் அரிக்கறதுதான் பேஜார். ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாங்க. கப்பல்ல இனிமே யாரும் என்னை ஏத்த மாட்டாங்க. இப்போ மீன் பதப்படுத்தற எடத்துல பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டறேன்.

உங்கிட்ட ஏன் சொல்லலைன்னா, சொன்னா நீ பஸ்ஸை எடுத்துக்கிட்டே இங்க வந்திருப்பே. அதைவிட இன்னொண்ணு. படுக்கையில கெடக்கும்போது ஒரே ஒரு நெனைப்புதான் என்னை எழுப்பி உக்கார வெச்சுது. ஊருக்குப் போயிடலாம், ஹார்லன்கிட்டேர்ந்து வயலைத் திரும்ப வாங்கிக்கலாம், பத்துப் பசு வெச்சுக்கலாம், அதுக்கு ரெண்டு விரல் போதும்னு. வேலி எங்க போடணும், கொட்டகை எங்க வரணும்னு கூரையைப் பாத்துப் பாத்துக் கட்டி முடிச்சிருந்தேன். அப்போதான் கப்பல் ஆபீஸ் வழியா உன் முதல் கடுதாசி வந்துது.

என் ரூம்ல சைமன்னு ஒருத்தன் இருக்கான். யூகான் ஆத்துக்காரன். இந்த வருஷம் அவங்க ஆத்துல சால்மன் ஏறவே இல்லை. வீட்டுக்கு வீடு மீன் காயப்போடற கொடி வெறுமனே நிக்குதாம். நாய்க்குப் போடக்கூட இல்லையாம். உன் கடுதாசியை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். "உங்க அக்கா ரொம்பப் பொல்லாதவளா?"ன்னு கேட்டான். ஆமாம்னேன். "எங்க ஊருக்கு ஒருத்தி இந்த மாதிரி வேணும், கடன் குடுப்பியா?"ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்.

மடையைப் பத்தி இப்போ ஒண்ணும் சொல்லத் தெரியலை.

தம்பி
லாயிட்


டோபின் ஓடை
செப்டம்பர் 29

தம்பி லாயிடுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாயோடு வயலைச் சுற்றி வந்தேன். நீ கூரையில் கட்டிய கொட்டகை எங்கே வந்திருக்கும் என்று தேடினேன். மேட்டுப் பக்கம்தானே? அங்கே காற்று நன்றாக வரும். எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீயும் படி.

காட்டுத் தீயின் புகை இன்னும் இறங்கவில்லை. ஒரு விதத்தில் நல்லது, வெயிலை மறைக்கிறது. ஊற்று மடுவில் விட்டவை பிழைத்திருக்கின்றன. நடு மடு ஒன்று போயிற்று. மடையை அடைத்தும், ராப்பகலாகத் தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் மோட்டார் ஓட்டியும் காப்பாற்ற முடியவில்லை. ஜோலீன் வாளியைத் தூக்கிப் பாறையில் அடித்து உடைத்தாள். பிறகு அவளே போய் வேறு வாளி கொண்டுவந்தாள். நான் இப்போதெல்லாம் கரையில் உட்கார்ந்து எண்ணுவதோடு சரி.

அவள் ஒரு யோசனை சொல்கிறாள். எனக்கு அதை உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நம் வயலின் கீழ்க்கோடியில் மண்ணுக்கடியில் குளிர்ந்த ஊற்று ஓடுகிறதாம். அங்கே குளம் வெட்டி, ஒரு கால்வாயால் ஓடையோடு சேர்த்துவிட்டால் கோடையில் குஞ்சுகளுக்குக் குளிர்ச்சி. குளிர்காலத்தில் அதைவிட முக்கியம். போன வருஷம் மலை எரிந்ததால் பெருமழை வந்தால் சாம்பலும் சேறுமாகத்தான் ஓடை இறங்கும். கல்லோடு கல்லாகக் குஞ்சுகள் அரைபட்டுவிடும். ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

ஒரு கோடைக்கு என்று முதலில் கேட்டேன். இப்போது கேட்பது என்றைக்கும். குளம் வந்தால் கீழ்வயல் முழுக்கப் போய்விடும். மேட்டில் மிஞ்சுவதில் இரண்டு பசு நிற்கலாம், பத்து நிற்காது. நீ வேண்டாம் என்றால் நான் வெட்ட மாட்டேன். மடையைப் போல இல்லை இது, பலகையைத் தூக்கித் திருப்பிக்கொள்ள முடியாது.

நீ எப்படியும் வீட்டுக்கு வா. குளம் உண்டோ இல்லையோ, வா.

அக்கா
வெர்னா


ஆங்கரேஜ்
அக்டோபர் 10

அக்கா,

ராத்திரியெல்லாம் யோசிச்சு, காலையில ஸ்டிக்கர் ஒட்டற எடத்துல சொல்லிட்டு வந்துட்டேன்.

ஜோலீன்கிட்டச் சொல்லு, பொக்லைனுக்கு ஆள் தேட வேண்டாம்னு. கப்பலுக்கு முன்னாடி நாலு வருஷம் ரோடு வேலையில அதைத்தான் ஓட்டினேன். நெம்புகோலைப் பிடிக்க ஒரு கை முழுசா இருக்கு, இன்னொண்ணுல ரெண்டு விரல் இருக்கு. போதும்.

பசு கெடக்கட்டும். எனக்கு மாட்டுச் சாணி நாத்தம் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது.

சைமன் உனக்கு ஒரு ஜோடி தோல் கையுறை குடுத்திருக்கான். படுக்கையைத் தட்டிப் போட்டு வை.

லாயிட்


டோபின் ஓடை
ஜனவரி 14, 2022

யுரேகா ஆஸ்பத்திரியில் கெடக்கிற என் அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடிஞ்சுதுன்னு டாரா ஊர்க்கடைக்குப் போன் பண்ணிச் சொன்னா. நாய்க்கு உன்னைக் காணாம சோறு எறங்கலை, என் சோத்தை மட்டும் தின்னுது. கம்பி இன்னும் மாட்டலை. அதனால மறுபடியும் கடுதாசி.

நீ என்ன யோக்கியம்னு கேக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஜூலையில பாறையில விழுந்து முட்டி பெசகினது. அதோட ரெண்டு மாசம் வாளி தூக்கியிருக்கே. ஒரு கடுதாசியிலாவது எழுதினியா? "கரையில் உட்கார்ந்து எண்ணுவதோடு சரி"யாம். நான் வந்து எறங்கின அன்னிக்குப் படி ஏற ரெண்டு கையாலயும் நெலையைப் புடிச்சே பாரு, அப்போ எனக்கு வந்த கோபம் இன்னும் எறங்கலை. உன் கோபத்துக்கும் என் கோபத்துக்கும் சரியாப் போச்சுன்னு வெச்சுக்கறேன்.

இப்போ சேதி. நீ பயந்த மழை வந்துருச்சு. போன வாரம் மூணு நாள் விடாம ஊத்துச்சு. ரெண்டாம் நாள் காலையில மலை மேலேர்ந்து லாரி லாரியாக் கல்லு கொட்டற மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா ஓடை கறுப்பா, கூழாட்டம், முழு மரத்தைத் தூக்கிட்டு வருது. எரிஞ்ச கட்டை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதுது. நீங்க பாத்துப் பாத்துக் குஞ்சு விட்டீங்களே அந்த ஊத்து மடு, அது இருந்த எடமே இப்போ தெரியலை. கல்லு மூடிருச்சு.

ஜோலீன் நனைஞ்ச கோழி மாதிரி வந்து நின்னா. "மாமா, கால்வாய் வாய் அடைச்சுக்கிச்சா?"ன்னா. நவம்பர்ல நான் வெட்டின குளத்துலேர்ந்து ஓடைக்குப் போற அந்த வாய் அடைச்சுத்தான் இருந்துது. வேரும் தழையுமா ஒரு மரம் குறுக்கே விழுந்து கெடக்கு. பொக்லைனை எடுத்தேன். கரை ஈரம், வண்டி ஒரு பக்கமா எறங்குது. ஜோலீன் கீழ நின்னு "இன்னும் வராதீங்க, இன்னும் வராதீங்க"ன்னு கத்தறா, நான் வந்துகிட்டே இருக்கேன். ரெண்டு விரலால நெம்புகோலை அமுக்கி மரத்தோட அடியைக் கவ்விப் புடிச்சேன். முதல் தடவை நழுவிருச்சு. ரெண்டாம் தடவை வண்டியே ஓடையைப் பாத்துச் சாஞ்சுது. எனக்கு உருளையில கை போன அந்த நொடி ஞாபகம் வந்து உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு. எறங்கி ஓடிடலாமான்னுகூட இருந்துது. ஓடலை. மூணாம் தடவை மரம் வந்துருச்சு.

வாய் திறந்ததும் சேத்துத் தண்ணி கொஞ்சம் உள்ள வந்துது. அப்புறம் நின்னுருச்சு. குளத்துத் தண்ணி அசையாமத் தெளிவா கெடந்துது, வெளிய ஓடை பேயாட்டம் ஆடுது. மழை விட்ட அன்னிக்கு ஜோலீன் குளத்துல வலையைப் போட்டா. தூக்கிப் பாத்து என் கையில குடுத்தா. துள்ளுது அக்கா. பாத்துக்கோ, இருட்டுலயும் சேத்துலயும் எப்படி வழி கண்டுபுடிச்சுதுங்களோ.

எல்லாம் வரலை. மடுவுல இருந்தது எத்தனை, வந்தது எத்தனைன்னு அவ கணக்குப் போட்டுட்டிருக்கா. பாதிகூட இருக்காதுன்னு மொகத்தைப் பாத்தாலே தெரியுது. நான் கேக்கலை.

டாக்டர் சொல்றபடி கேளு. எழுந்து நடக்கறேன்னு வீராப்புக் காட்டாதே.

தம்பி
லாயிட்


யுரேகா
பிப்ரவரி 3

அன்புள்ள லாயிடுக்கு,

முட்டி மடங்குகிறது. டாரா என்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறாள், அதுதான் வலி. நீயும் நாயும் ஒருவர் சோற்றை ஒருவர் தின்னாமல் இருங்கள்.

உன் கடிதத்தைப் பக்கத்துப் படுக்கை அம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். வண்டி சாய்ந்த இடத்தில் அவள் "ஐயோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை அந்த மாதிரிக் கரையில் வண்டியை இறக்கினால் முட்டி ஆறுவதற்குள் வந்து உன்னை உதைப்பேன். இதை எழுதிவிட்டுச் சொல்கிறேன், நீ இறக்காமல் இருந்திருந்தாலும் உதைத்திருப்பேன்.

முட்டியை நான் ஏன் மறைத்தேன் என்று கேட்டிருந்தாய். தெரிந்தால் "முதல்ல உன் காலைப் பாரு, அப்புறம் மீனைப் பாரு" என்பாய். நீ சொன்னால் கேட்கத் தோன்றியிருக்கும். கேட்டிருந்தால் அந்தக் கோடை போயிருக்கும்.

ஹார்லன் எப்படி இருக்கிறார்? அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றிருக்கிறது.

அக்கா
வெர்னா


டோபின் ஓடை
மே 8, 2022

அக்காவுக்கு,

நீ ஊன்றுகோலைக் கடாசிட்டேன்னு டாரா சொன்னா. சந்தோஷம். நான் நல்லாயிருக்கேன், இந்தத் தடவை நெசமா.

ஹார்லன் வந்தார். வண்டியை விட்டு எறங்காமலே குளத்தை ஒரு சுத்துப் பாத்தார். "நல்ல வயலைக் கெடுத்துட்டீங்கடா, அக்காவும் தம்பியும்"னார். ஆமாம்னேன். "உங்கம்மா இருந்தா செருப்பால அடிப்பா"ன்னார். அதுக்கும் ஆமாம்னேன். அவர் கோபம் தீரலை. தீரும்னும் எனக்குத் தோணலை. ஆனா மேட்டு வேலிக்குக் கம்பம் நட டிராக்டர் கேட்டப்போ இல்லேன்னு சொல்லலை.

மார்ச் முடிஞ்சதுலேர்ந்து குஞ்சுங்க நிறம் மாற ஆரம்பிச்சுது. பக்கவாட்டுல இருந்த கோடெல்லாம் மறைஞ்சு, உடம்பு வெள்ளிப்பூச்சுப் பூசின மாதிரி ஆயிருச்சு. கடலுக்குத் தயாராகுதுன்னு ஜோலீன் சொன்னா. தயாரானாலும் கெளம்பற வழியைக் காணோம். கால்வாய் வாயில வந்து நிக்கும், வெளிய எட்டிப் பாக்கும், திரும்பிப் போயிரும். தெனமும் காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நான் திட்டுவேன். "போங்கடி, போங்க. உங்களுக்காக ஒருத்தி முட்டியை ஒடைச்சுக்கிட்டு யுரேகாவுல கெடக்கா"ன்னு.

போன வாரம் தூறல் போட்டுது. ஓடை ஒரு சாண் ஏறிச்சு, லேசாக் கலங்கிச்சு. சாயங்காலம் மொதல்ல ஒண்ணு போச்சு. வாலை ஓடைப் பக்கம் வெச்சுக்கிட்டு, பின்பக்கமாவே, போகலாமா வேண்டாமான்னு. அப்புறம் நாலஞ்சு. அப்புறம் கூட்டமா. நானும் ஜோலீனும் கரையில நின்னோம். தண்ணிக்கடியில யாரோ கரண்டிங்களைக் கொட்டிவிட்ட மாதிரி பளபளன்னு போயிட்டே இருந்துது. அவ என் ஊனக் கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தான்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கப்புறம் அந்தக் கையை வேற யாரும் தொட விட்டதில்லை நான்.

பொய் சொல்ல விரும்பலை அக்கா. பெரிய ஆறு இந்த வருஷமும் சூடாத்தான் இருக்கு. கீழ இருக்கிற கூண்டுல செத்தது இப்பவே வருதாம். இதுல எத்தனை கடலைப் பாக்கும், பாத்ததுல எத்தனை திரும்பும்னு ஜோலீனுக்கே தெரியாது. மடையை இந்த வருஷமும் அடைச்சுத்தான் வெச்சிருக்கேன். மேலத் திருப்பத்துல இன்னொரு குளத்துக்கு ஜோலீன் குச்சி நட்டுட்டா.

குளம் காலியாயிருச்சேன்னு இன்னிக்குக் காலையில வலையைக் கழுவப் போனேன். ஓரத்துப் புல்லுக்கடியில என்னவோ அசைஞ்சுது. குப்புறப் படுத்துப் பாத்தேன். கண்ணு மட்டும் பெருசா, ஒடம்பு ஊசி மாதிரி, இந்த வருஷத்துக் குஞ்சுங்க. கூட்டங்கூட்டமா. நாங்க யாரும் அள்ளிட்டு வரலை. வாளி உள்ள காஞ்சு தொங்குது. தானாவே கால்வாயைக் கண்டுபுடிச்சு ஏறி வந்திருக்கு.

சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. அப்படியே வந்து உக்காந்து எழுதறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸுல வா. ரோட்டுக்கு வந்து நிக்கிறேன்.

உன் தம்பி
லாயிட்